கல்லுக்கு ஆகாதது

ரூவி மார்க்கெட்டில் வெள்ளிக்கிழமை காலை
கீரைக்கட்டை மோந்து பார்த்து
மருந்து வாடை அடித்தால் திருப்பி வைக்கிறவன்
நான்தான்.
கடைக்கார ஷம்சுத்தீன் ஒருநாள் கேட்டார்,
வீட்டில் எத்தனை பேர் என்று.

இரண்டு பேர்.
ஒருத்திக்கு ஓடு உண்டு.

மூன்றாம் மாடி இத்ரீஸுக்கு விசா முடிந்தது.
ஊரில் சண்டை, கெய்ரோவுக்குப் போனார்.
போகிற இரவு கதவைத் தட்டி
வாழைப்பழப் பெட்டி ஒன்றை நீட்டினார்.
உள்ளே மிஷ்மிஷ்.
இவளும் எங்கள் சூடான் பக்கத்து இனம்தான் என்றார்.
கூடவே தண்ணீர் பில்லின் பின்பக்கம்
அரபியில் ஒரு பட்டியல்.

என் அரபி டாக்ஸிக்கு மட்டும் காணும்.
பட்டியலை ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டு
கைக்கு வந்ததைக் கொடுத்தேன்.
பாலக். மறுநாளும் பாலக்.
கட்டு இருநூறு பைசா.
பாதி எனக்குக் கூட்டு, பாதி அவளுக்குப் பச்சையாக.
கழுத்தை நீட்டி
தையல்காரர் துணி கத்தரிக்கிற சத்தத்தில் தின்பாள்.
பார்த்துக்கொண்டிருந்தால்
என் சோறு ஆறிவிடும்.

ஆகஸ்டில்
வாதி கபீரில் ஒரு கூரைமேல்
ஏசி கம்ப்ரசர் கழற்றிக்கொண்டிருந்தவன்
அதன் பக்கத்திலேயே சுருண்டேன்.
ஸ்கேனில் ஐந்து மில்லிமீட்டர் கல்.
தண்ணீர் குடி, பாலக்கை விடு
என்றார் டாக்டர்.

அன்றிரவு பால்கனியில் அவள் இருந்த இடத்தில்
காய்ந்த சுண்ணாம்பு போல ஒரு திட்டு.
விரலால் தேய்த்தேன்.
மணல் மணலாக நெருடியது.

சிரிக்காதீர்கள்,
இடுப்பைப் பிடித்துக்கொண்டே
பெட்டியைத் தூக்கிக்கொண்டு
அல் குவைர் மிருக ஆஸ்பத்திரிக்குப் போனேன்.
எனக்குக் கம்பெனி கட்டியது.
இவளுக்கு நான் கட்டினேன், பதினெட்டு ரியால்.

எக்ஸ்ரேயில் கல் இல்லை.
தண்ணீர்தான் போதவில்லை என்றார் டாக்டர் லுப்னா.
தின்ன என்ன கொடுக்கிறாய்?
நான் தலையைக் குனிந்துகொண்டு
ஃப்ரிட்ஜிலிருந்து பிய்த்து வந்த பட்டியலை நீட்டினேன்.

அவர் வாசிக்க வாசிக்க
இத்ரீஸ் அந்த அறைக்குள் வந்து நின்றார்.

புல்தான் சாப்பாடு, மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள.
செம்பருத்தி இலை கொடு, பூவும் கொடு, கெஞ்சுவாள்.
சப்பாத்திக்கள்ளி, முள்ளைப் பிடுங்கிவிட்டு.
ஜர்ஜீர் கொஞ்சம். கோஸ் எப்போதாவது.
மூன்று தண்ணீரில் அலசு.
ரவுண்டானாவில் ரோஸ் நிறத்தில் பூத்து நிற்கிற அரளி
ஓர் இலைகூட வேண்டாம், ஓர் இலைகூட.
கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றி
கழற்றியதை எண்ணு.
பாலக்குக்கு நேராக
பேனா தாளைக் கிழிக்கும்படி
இரண்டு கோடு.

கடைசி வரியில் லுப்னா நின்றார்.
பிறகு வாசித்தார்:
என்னைத் தேட மாட்டாள். அதுவும் நல்லதுதான்.

இப்போது மத்ரா மீன் மார்க்கெட்டில்
கணவாய் ஓடு கேட்டால் சும்மா தருகிறார்கள்.
சுண்ணாம்புச் சத்துக்கு அதைக் கொறிக்கிறாள்.
சாயங்காலம் பேசினில் வெதுவெதுப்பாக,
தாடைக்குக் கீழே நிற்கிற அளவு தண்ணீர்.
இருபது நிமிஷம்.
அவள் மூக்கை அமிழ்த்திக் குடிக்கும்போது
நானும் பாட்டிலைத் திறக்கிறேன்.
ஆணியில் பதினான்கு நீல ரப்பர் பேண்ட்,
கணக்குச் சரி.

இவள் எண்பது வருஷம் இருப்பாளாம்.
என் விசா இரண்டு வருஷம்.

நேற்று
என் கரண்ட் பில்லின் பின்பக்கத்தில்
பட்டியலைத் தமிழில் எழுத உட்கார்ந்தேன்.
பாதியில் உறைத்தது,
அடுத்து இந்தக் கதவைத் திறப்பவன்
எந்த ஊர்க்காரனோ.
தாளைத் திருப்பி,
எனக்கு வந்தமட்டும்
ஒரு பாலக் இலை வரைந்தேன்.
பக்கத்தில் ஐந்து இதழோடு ஓர் அரளி.
இரண்டுக்கும் குறுக்கே
தாள் கிழியக் கிழிய
கோடு போட்டேன்.